பால் குடித்தால் புகை போகாது

1995இல் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சேர்ந்த முதல் மாதமே ஜிங்க் பூசிய குழாய்களில் வேலி செய்யும் ஆர்டர் வந்தது. நாள் முழுக்கக் குனிந்து நின்று ஒட்டினேன். வெள்ளை வெளேரென்று எழுந்த புகை முகமூடிக் கண்ணாடிக்கு உள்ளே வரை வந்தது. சாயங்காலம் நாக்கில் ஒரு தித்திப்பு, சில்லறைக் காசை வாயில் போட்டுச் சப்பியதுபோல. பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், எட்டு மணிக்கெல்லாம் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. அம்மா டெங்கி என்றே முடிவு செய்துவிட்டார். காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பட்டறையில் மூத்த வெல்டர் அண்ணன் சிரித்தார். "ஜிங்க் காய்ச்சல்டா தம்பி. எல்லாருக்கும் வரும். பால் குடி, சரியாயிடும்."

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். ஜிங்க் வேலை நடக்கும் நாளில் ஆளுக்கு ஒரு பாக்கெட் பால் வாங்கி வைப்பார். நாங்களும் மருந்து மாதிரி குடித்தோம். பால் நுரையீரலைக் கழுவிவிடும் என்று உண்மையிலேயே நம்பினோம். இன்றைக்கும் பினாங்கிலும் கெடாவிலும் சின்னப் பட்டறைகளுக்குப் போனால் இந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது. சிலர் பாலுக்குப் பதில் இளநீர் என்பார்கள். ஆகவே எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. வயிற்றில் இருக்கும் பால் நுரையீரலில் இருக்கும் உலோகத் துகளைத் தொடவே முடியாது. காய்ச்சல் ஒரு நாளில் போவது பாலால் அல்ல. உடம்பு தானாக அடங்குகிறது, அவ்வளவுதான்.

அந்தக் காய்ச்சலுக்கு இன்னொரு குணம் உண்டு. வாரம் முழுக்க புகையில் நின்றால் உடம்பு பழகிக்கொள்ளும், காய்ச்சல் வராது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மறுபடியும் புகையில் நின்றால் அன்று இரவு மறுபடியும் குளிர். செவ்வாயிலிருந்து காய்ச்சல் இல்லை என்பதால் நாங்கள் தைரியமாக இருந்தோம். காய்ச்சல்தான் நின்றதே தவிர புகை நிற்கவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டும்போது இந்தக் காய்ச்சல்கூட பெரும்பாலும் வராது. அதனால் அதைச் 'சுத்தமான வேலை' என்று விரும்பிக் கேட்டு வாங்குவோம். அந்தப் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது என்றும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்றும் அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் எல்லா வெல்டிங் புகையையுமே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அதற்குள் நான் பிடித்த புகை இருபத்திரண்டு வருடப் புகை.

*

என் மனைவியின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பு பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் சால்டரிங் வரிசையில் இருந்தார். விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு பாலம் கடக்கும். 1972இல் பினாங்குத் தீவில் அந்தத் தொழில்வட்டாரம் தொடங்கியதிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் அப்படிப் போய் வந்திருப்பார்கள்! ஏர்கான் போட்ட, பளிச்சென்று சுத்தமான இடம். என் பட்டறையைப் பார்த்தால் அது கோயில். அங்கே போய் யாருக்காவது நெஞ்சு கெடுமா என்றுதான் நானும் நினைத்தேன்.

சால்டர் கம்பிக்குள் ரோசின் என்று ஒரு பொருள் இருக்கும். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுப்பது. சூடான முனை பட்டதும் மெல்லிய நீலப் புகை ஒன்று சுருண்டு மேலே வரும். வாசனைகூட நன்றாகத்தான் இருக்கும், சாம்பிராணி மாதிரி. கையும் கண்ணும் முகமும் அந்த முனைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். அந்தப் புகை ஆஸ்துமா உண்டாக்கும். ஏற்கெனவே இழுப்பு இருப்பவரைத் தொந்தரவு செய்வது மட்டுமல்ல, இழுப்பே இல்லாதவருக்குப் புதிதாக உண்டாக்கும்.

இவருக்கு இரண்டாவது வருடம் இரவில் இருமல் தொடங்கியது. மூன்று கிளினிக் மாறினார். இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், 'வீட்டில் தூசி இருக்கிறதா, பூனை இருக்கிறதா' என்ற கேள்வி. நான்காவதாகப் பார்த்த ஒரு வயதான டாக்டர்தான், "என்ன வேலைம்மா செய்றீங்க? தீபாவளி லீவுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "லீவுல இருமலே இல்ல டாக்டர்" என்றார். நோய் பாதி அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது.

இதைப் படிப்பவர்களில் ஃபேக்டரிக்குப் போகிறவர் யாராவது இருந்தால், இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் மோசமாகி, லீவில் சரியாகும் இருமலோ இழுப்போ வேலையிடத்திலிருந்து வருகிறது என்றே சந்தேகப்படுங்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இரவில்தான் இழுக்கும் என்பதால் பலர் வீட்டைத்தான் குறை சொல்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, என்ன பொருள், எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இவர் வேலையை விட்டார். ஆனால் உடம்பு ஒரு பொருளுக்கு ஒருமுறை எதிரியாகிவிட்டால் அப்புறம் மிகக் கொஞ்சம் பட்டாலே போதும். இருபத்தைந்து வருடம் ஆகிறது, இன்றும் கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. ஒரு விரல் தடிமனில் உறிஞ்சும் குழாய் ஒன்று சால்டர் முனைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். அல்லது ரோசின் இல்லாத கம்பி. அந்த இன்ஹேலரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு விரல் குழாய்தான் ஞாபகம் வரும்.

*

2009இல் சிம்பாங் அம்பாட் பக்கம் வேறொரு கம்பெனிக்கு மெயின்டனன்ஸ் வேலைக்கு மாறினேன். அங்கே வெல்டிங், கிரைண்டிங், பெயின்ட் மூன்றும் உண்டு. புகை உறிஞ்சும் ஏற்பாடும் இருந்தது. மேலே புகையை வாங்கும் பெரிய ஹூட், அதிலிருந்து டக்ட் என்ற தகரக் குழாய், வெளியே ஃபேன். 'இங்கே எல்லாம் இருக்கிறதே' என்று முதல் நாள் மகிழ்ந்துபோனேன். மூன்று வருடம் கழித்து அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அது சத்தம் போடுகிறதே தவிர புகையைப் பிடிக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை அளந்து சோதிக்க வருடம் ஒருமுறை வரும் ஹைஜீன் டெக்னீஷியன் ஒருவரோடு அன்று நாள் முழுக்க நடந்தேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை உடைத்து அதிலிருந்து வெள்ளைப் புகையை வெல்டர் கைக்குப் பக்கத்தில் விட்டார். புகை நேராக எழுந்து, வெல்டர் முகத்தைத் தடவி, தலைக்கு மேல் போய், பிறகுதான் ஹூட்டுக்குள் நுழைந்தது. "பார்த்தீங்களா? ஹூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இவர் மூக்கு வழியா போகுது" என்றார். சமையலறைச் சிம்னி மாதிரி தலைக்கு மேல் வைக்கும் ஹூட், ஆள் குனிந்து செய்யும் வேலைக்கு உதவாது. அடுப்பின் மேல் யாரும் தலையை நீட்டிக்கொண்டு சமைப்பதில்லை. வெல்டர் அப்படித்தான் நிற்கிறார்.

அன்று நான் கற்ற இன்னொன்று தூரம். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு ஊதாங்குழல் தெரியும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஊதினாலும் விறகு குப்பென்று பிடிக்கும். அதே குழலை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், சாம்பல்கூட அசையாது. ஊதும் காற்று ஒரு பக்கமாக, ஒரே கோடாகப் போகிறது. உறிஞ்சும்போது காற்று நாலாபக்கமிருந்தும் வருகிறது, அதனால் வாயைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே வலு இல்லை. கணக்கு இதுதான்: உறிஞ்சும் வாயின் அகலம் 20 செ.மீ. என்றால், அதிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் போவதற்குள் காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். வெல்டிங் புகையைப் பிடிக்க, ஒட்டும் இடத்தில் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை வேகம் வேண்டும். எங்கள் ஹூட் ஒரு மீட்டர் மேலே இருந்தது. பெரிய ஃபேன் வாங்கித் தரும்படி மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது பெரிய ஃபேன் இல்லை. ஹூட்டைக் கிட்டே கொண்டுவருவதுதான்.

வளைக்கக்கூடிய கை வைத்த ஹூட்டுகள் நான்கு வாங்கினோம். அதற்கு ஒப்புதல் கிடைக்கவே எட்டு மாதம் ஆனது. வந்த பிறகும் ஒரு மாதம் யாரும் அதை இழுத்துப் பக்கத்தில் வைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நானே ஒரு ஷிஃப்ட் அவர்களோடு நின்று ஒட்டிப் பார்த்தேன். ஹூட்டைத் தாங்கும் கையின் மூட்டு இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வேலையை நிறுத்தி இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்குகிறவர் எப்படித் தள்ளுவார்? மூட்டைத் தளர்த்தி, ஹூட் விளிம்பில் ஒரு கைப்பிடி ஒட்டிக் கொடுத்தோம். மறுநாளே உபயோகித்தார்கள். வெல்டிங் துப்பாக்கியிலேயே உறிஞ்சும் குழாய் வைத்த வகையையும் சோதித்தோம். புகையை நன்றாகப் பிடித்தது, ஆனால் கனம், மணிக்கட்டு வலித்தது. உறிஞ்சலைக் கூட்டி வைத்தால், உருகிய உலோகத்தில் காற்று படாமல் காக்கும் காப்பு வாயுவையும் சேர்த்து இழுத்துவிட்டு ஒட்டில் ஓட்டை விழுந்தது. எங்களுக்கு அது சரிப்படவில்லை, வேறு இடத்தில் சரிப்படலாம்.

இப்போது நான் எங்கே போனாலும் பையில் ஊதுபத்தி ஒரு பாக்கெட் இருக்கும். கண்ணாடிக் குழாய் விலை அதிகம். ஊதுபத்தியைக் கொளுத்தி வேலை நடக்கும் இடத்தில் பிடித்தால் காற்று எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், நேபாளத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் மொழிபெயர்ப்பே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: பெயின்ட் அறை, தின்னர் வைத்திருக்கும் இடம், மாவு, அலுமினியத் தூசி இருக்கும் இடம், இங்கெல்லாம் நெருப்புள்ள எதையும் கொண்டு போகாதீர்கள்.

தூசிக்கு டார்ச் வெளிச்சம். எங்கள் லயத்து வீட்டில் தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும்போது அந்தக் கோட்டில் மட்டும் தூசி மினுங்கும், பார்த்திருப்பீர்கள். மற்ற இடத்தில் இல்லாத தூசி அல்ல அது. அதே வித்தைதான். விளக்கை அணைத்துவிட்டு, கிரைண்டிங் செய்யும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வலுவான டார்ச் ஒன்றை நம்மைப் பார்த்தவாறு வைத்து, அதன் முகம் நேராகக் கண்ணில் படாமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது வாயைத் திறக்கவில்லை, திறந்தால் உள்ளே போய்விடும் என்று பயம். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும் தூசி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதற்கும் கீழே. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும்.

*

ஃபேனைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு வருடம் மோட்டார் கருகி, ஒயரிங் மாற்றினார்கள். அதன் பிறகு வெல்டர்கள் 'இழுவை இல்லை' என்றார்கள். போய்ப் பார்த்தேன், ஃபேன் ஓடுகிறது, ஹூட்டில் தாள் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. 'ஓடுகிறதே, பிறகென்ன' என்று திரும்பி வந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து வருடாந்திரச் சோதனையில் அளந்தபோது வேகம் பாதிகூட இல்லை. டெக்னீஷியன் ஃபேன் கூட்டின் மேல் பதித்திருந்த அம்புக்குறியைக் காட்டினார். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டு இடம் மாறிவிட்டால் இப்படி ஆகும். நம் வீட்டு ஃபேன் மாதிரி இறக்கை ஃபேன் என்றால் காற்று எதிர்ப்பக்கம் வந்து உடனே தெரிந்துவிடும். டக்டில் வைக்கும் கூட்டு ஃபேன் அப்படியல்ல, தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கம்தான் இழுக்கும், ஆனால் வலு குறைந்து இழுக்கும். அதனால் யாருக்கும் தெரியாது.

அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பிசைகிறது. வெல்டர்கள் முதல் வாரமே சொன்னார்கள். காதில் வாங்காதது நான். ஒட்டுகிற ஆள் 'இழுவை இல்லை' என்றால் அதுவே ஓர் அளவீடு. இப்போதெல்லாம் ஒயரிங் தொட்டாலே அம்புக்குறியைப் பார்ப்பதும், ஒரு சின்னக் காற்று மீட்டரால் ஹூட் வாயில் வேகத்தை எடுத்து எழுதி வைப்பதும் கட்டாயம். புதிதாகப் போட்ட அன்று எவ்வளவு இருந்தது என்ற எண் கையில் இல்லாவிட்டால், இன்று குறைந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

டக்டையும் தட்டிப் பாருங்கள். விரல் மூட்டால் தட்டினால் வெறும் தகரம் கணீரென்று ஒலிக்கும். அடியில் தூசி படிந்திருந்தால் சத்தம் மந்தமாக, மாவு டப்பாவைத் தட்டிய மாதிரி வரும். கிரைண்டிங் தூசியை இழுத்துக்கொண்டு போக டக்டுக்குள் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் வேண்டும், குறைந்தால் வழியிலேயே படுத்துவிடும். எங்கள் டக்டில் யாரோ புதிதாக இரண்டு கிளை சேர்த்திருந்தார்கள், ஃபேனைக் கேட்காமல். எல்லாக் கிளையிலும் வேகம் செத்துப்போயிருந்தது. கழற்றினால் ஒரு வளைவில் மட்டும் மூன்று வாளி தூசி.

அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே கிரைண்டிங் டக்டில் விடவே கூடாது. இரும்பு பொறி தரும், அலுமினியத் தூசி வெடிக்கும். 2014இல் சீனாவில் குன்ஷான் நகரில் கார்ச் சக்கரம் மெருகேற்றும் ஃபேக்டரியில் அலுமினியத் தூசி வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். எங்களிடமும் ஒரு மூலையில் அப்படி ஒரு கலப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே அந்த மெஷினை நிறுத்தினோம்.

பிறகு நம் ஊர் வெயில். பட்டறைக்குள் முப்பத்தைந்து டிகிரி, முகமூடி, தோல் உறை. ஆள் பெரிய ஸ்டாண்ட் ஃபேனை இழுத்துப் போட்டுக்கொள்ளத்தான் செய்வார். அந்த ஃபேன் காற்று ஹூட்டின் இழுவையைத் துடைத்துப்போட்டு, புகையை அடுத்த ஆளின் முகத்துக்கு அனுப்பும். முதலில் நான் ஃபேனைத் தடை செய்தேன். அது தப்பு. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். அதுவும் தப்பு, ஊதுபத்தி வைத்துப் பார்த்தபோது உடம்பைச் சுற்றி வந்த காற்று நெஞ்சுக்கு முன்னால் சுழன்று புகையை முகத்துக்கே தூக்கியது. கடைசியில் பக்கவாட்டில், குறைந்த வேகத்தில், வேலையின் மேல் படாமல் ஆளின் மேல் மட்டும் படும்படி தரையில் மஞ்சள் கோடு போட்டு இடம் குறித்தோம். கூரையில் சூடு போகத் தனி வழியும் திறந்தோம். வெப்பத்துக்கு வழி செய்யாமல் புகைக்கு வழி செய்ய முடியாது, நம் நாட்டில்.

இன்னும் சில. ஜிங்க், பெயின்ட் பூச்சு எதுவானாலும் ஒட்டும் இடத்தில் முதலில் உறிஞ்சலின் கீழ் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். குளோரின் கலந்த கிளீனர் திரவத்தால் துடைத்த இரும்பை ஈரத்தோடு ஒட்டாதீர்கள், பக்கத்தில் அந்தத் திரவம் திறந்துகூட இருக்கக் கூடாது. வெல்டிங் வெளிச்சம் பட்டால் அந்த ஆவி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல விட்ட அதே வாயு. தூசியைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், நுண்துகள் வடிகட்டி வைத்த வேக்குவம் பயன்படுத்துங்கள். ஷிஃப்ட் முடிந்து ஏர் கன்னால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். வேலைச் சட்டையை வீட்டில் உதறித் துவைக்க வைக்காதீர்கள், உதறுகிறவர் நம் வீட்டுப் பெண், பக்கத்தில் நிற்பது நம் பிள்ளை.

*

மாஸ்க்கைப் பற்றிக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தக் கம்பெனியிலும் முதலில் அதைத்தான் கொடுக்கிறார்கள். புகை பிறக்கும் இடத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல், ஆளின் மூக்கில் கொண்டு வந்து நிறுத்துகிற வேலை அது. தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்95 மாஸ்க் துகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவி அதைத் தாண்டி வரும். ஆவிக்குக் கரி வைத்த பெட்டி வேண்டும், அந்தப் பெட்டிக்கும் ஆயுள் உண்டு. கார் பெயின்ட்டில் வரும் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்கு, ஆபத்தான அளவிலும் வாசனை தெரியாது, ஆகவே 'வாசனை வந்தால் பெட்டியை மாற்று' என்ற பேச்சே அங்கே எடுபடாது. அதற்கு வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று கொடுக்கும் முகமூடிதான்.

மாஸ்க் முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு கூண்டு மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். மாஸ்க்கை மீறிக் கசந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். எங்களில் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்குக் கசந்தது. எல்லாரும் ஒரே சைஸ் மாஸ்க்.

ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் எங்களுக்கு ஒரு பிரச்சினை வரும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் தம்பிகள் தாடி எடுக்க மாட்டார்கள். தாடி இருந்தால், இரண்டு நாள் முள்தாடி இருந்தாலும், மாஸ்க் முகத்தில் ஒட்டாது, ஓரமாகக் காற்று நுழையும். ஒரு சூப்பர்வைசர் 'தாடியை எடு, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே' என்றார். பெரிய சச்சரவாகிவிட்டது. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதை யாராவது பாதியில் விடுவார்களா? இப்போது மார்கழியிலேயே பேர் எழுதி வாங்கிவிடுகிறோம். அந்த ஆறேழு வாரம் அவர்களைப் பெயின்ட் அறையிலிருந்து மாற்றிவிடுவோம். வெல்டர்களுக்கு, இடுப்பில் மாட்டிய சின்ன ஃபேன் வடிகட்டிய காற்றைத் தலைக்கூட்டுக்குள் அனுப்பும் வகை ஹெல்மெட் இரண்டு வைத்திருக்கிறோம், அதற்குத் தாடி தடையில்லை.

*

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடல்நலத்துக்கு ஆபத்தான இரசாயனங்களுக்கான 2000ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, வெல்டிங் புகை, தூசி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதன்படி புகை உறிஞ்சும் ஏற்பாட்டை முதலாளி மாதம் ஒருமுறையாவது பார்வையிட வேண்டும். வருடம் ஒருமுறையாவது பதிவு பெற்ற ஹைஜீன் டெக்னீஷியன் அளந்து சோதிக்க வேண்டும். தொழிலாளியின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை 30 வருடம் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தில், உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணம் இருந்தால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது, தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு மேல் இருந்தாலும் சரி, ஐந்தே பேர் என்றாலும் சரி, பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். பொருளோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்காது, ஆகவே தெரிந்தவர் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாரம் ஒரு தாள் படிக்கிறேன்.

எனக்குப் பால் குடிக்கச் சொன்ன அந்த மூத்த அண்ணனை நினைத்துத்தான் பதிவைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். அறுபது வயதில் தண்ணீர்மலைப் படியில் பாதிகூட ஏற முடியாமல் உட்கார்ந்தார். ஐந்நூறுக்கு மேல் படி, ஒரு காலத்தில் காவடியோடு ஏறியவர். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தொழில்நோய் என்று விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் அழைத்துப்போனேன். அங்கே கேட்டது நியாயமான கேள்விதான்: எங்கே, எந்த வருடம், என்ன உலோகம், எந்தக் கம்பி? பழைய பட்டறை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அவர் கையில் ஒரு சம்பளச் சீட்டுகூட இல்லை. கூட வேலை செய்த நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தோம். அது முடிய இரண்டு வருடம் பிடித்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த மாதம் எந்த வேலை, என்ன பொருள், அந்த டப்பா லேபிளின் ஒரு படம். ஐந்து நிமிட வேலை.

போன வாரம் காலை ஷிஃப்டில் சுங்கை பக்காப்பிலிருந்து வரும் ஒரு புதுத் தம்பி என்னைத் தேடி வந்தார். கையில் என் பெட்டியிலிருந்து எடுத்த ஊதுபத்தி. "அண்ணே, நேத்து நேரா போச்சு, இன்னைக்கு வளையுது" என்றார். போய்ப் பார்த்தோம். ஹூட் சரி, ஃபேன் சரி. பக்கத்து வேலையிடத்தில் யாரோ மஞ்சள் கோட்டைத் தாண்டி ஸ்டாண்ட் ஃபேனை நகர்த்தி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி வைத்தோம். தம்பி மறுபடியும் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை வளையாமல் ஹூட்டுக்குள் போனது. அப்புறம்தான் முகமூடியை இறக்கி ஒட்ட ஆரம்பித்தார்.